செல் உயிரியல் வேர்ச்சொல் அட்டைகள்: ஒரு மாதம் புரட்டிய பிறகு

செல் உயிரியல் சொற்களின் கிரேக்க வேர்களைச் சொல்லித்தரும் அட்டைத் தொகுப்பு இது. முன்பக்கம் சொல், பின்பக்கம் வேர், கீழே யார் எப்போது வைத்த பெயர் என்று இரண்டு வரி, அவ்வளவுதான்.

அபாப்டோசிஸ், அதாவது செல் தானே திட்டமிட்டதுபோல் இறந்துபோவது, அந்த அட்டை ஒன்றுக்காகவே வாங்கலாம். 'அபோ' என்றால் விலகி, 'ப்டோசிஸ்' என்றால் விழுதல். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல் அது. 1972-இல் கெர், வைலி, கரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்தப் பெயரை வைத்தபோது, அதைச் சொல்லிக்கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். செல் சுருங்கி, துண்டு துண்டாகப் பிரிந்து, பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிவிட, அழற்சி எதுவும் இல்லாமல் காரியம் முடிந்துவிடுகிறது. காயம்பட்டு வெடித்துச் சாகும் செல்லின் கதை வேறு, அது நெக்ரோசிஸ். 'உதிர்தல்' என்ற ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டால் இந்த இரண்டும் அப்புறம் குழம்பவே குழம்பாது.

செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் அட்டையும் அருமை. 'மைட்டோஸ்' நூல், 'காண்ட்ரியன்' சிறுமணி. 1898-இல் கார்ல் பெண்டா வைத்த பெயர். நாம் தமிழில் இழைமணி என்கிறோமே, அப்படியே அதே பொருள்! எத்தனை தடவை படித்த சொல், அன்றுதான் அதற்குள் இருந்த இழையும் மணியும் கண்ணில் பட்டன.

குறைகளும் உண்டு. மைட்டாசிஸிலும், அதாவது செல் பிரிதலைக் குறிக்கும் சொல்லிலும், அதே 'நூல்'தான் இருக்கிறது, ஆனால் இரண்டு அட்டைகளையும் இணைத்து ஒரு வரிகூட இல்லை. குரோமோசோம், லைசோசோம் இரண்டிலும் வரும் 'சோமா', அதாவது உடல், அதற்கும் இதே நிலைமை. பெரிய தப்பு நியூக்ளியஸ் (செல்லின் உட்கரு) அட்டையில்: கிரேக்கம் என்று போட்டிருக்கிறார்கள், அது லத்தீன். பருப்பு, கொட்டை என்ற பொருளில் கிரேக்கத்தில் இருப்பது 'காரியோன்', யூகாரியோட்டில் (உட்கரு உள்ள செல்களால் ஆன உயிர்) வருவது அதுதான். வேரைச் சொல்லித்தரவே வந்த தொகுப்பில் இது சரியில்லை, அடுத்த பதிப்பில் கட்டாயம் திருத்த வேண்டும்.

உயிரியல் படிக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். நியூக்ளியஸ் அட்டையில் மட்டும் பேனாவால் அடித்து 'லத்தீன்' என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.