ஒரே அலுமாரியில் எதை வைப்பது: நாவலா, வாழ்க்கை வரலாறா, ஊர் வரலாறா?

உவர்மலையில் இருபத்திரண்டு வருடம் இருந்த வீட்டை விட்டு, இரண்டு வருடங்களுக்கு முன்பு திருகோணமலை நகருக்குள் ஒரு சிறிய வீட்டுக்கு மாறினோம். எங்களிடம் இரண்டு புத்தக அலுமாரிகள் இருந்தன. புதிய வீட்டில் ஓர் அலுமாரிக்குத்தான் சுவர் இருந்தது. மகளும் நானும் கூடத்தில் பாயை விரித்து, எல்லாப் புத்தகங்களையும் இறக்கி மூன்று குவியலாகப் பிரித்தோம். நாவல்கள் இடுப்பளவு உயர்ந்தன. வாழ்க்கை வரலாறுகளும் தன்வரலாறுகளும் முழங்கால் அளவுக்கு வந்தன. திருகோணமலையையும் சுற்றுவட்டார ஊர்களையும் பற்றிய நூல்கள் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன.

இறுதியில் ஊர் வரலாற்று நூல்கள் அத்தனையும், வாழ்க்கை வரலாறுகளில் மூன்றில் ஒரு பங்கும், நாவல்களில் பதினொன்றும் எங்களோடு வந்தன. மீதியை ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்குக் கொடுத்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்று நான் யோசித்த விதத்தை எழுதுகிறேன். நான் ஊர் வரலாற்றின் பக்கம் நிற்பவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் ரூபாய் சரிந்ததிலிருந்து இந்தியாவில் அச்சான எந்தப் புத்தகத்தையும் யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நாவலும் அப்படித்தான், வாழ்க்கை வரலாறும் அப்படித்தான். ஊர் வரலாற்று நூல்கள் இங்கேயே சில நூறு பிரதிகள் அச்சாகின்றன. வெளியீட்டு விழாவுக்குப் போனால் கிடைக்கும். போகாவிட்டால் அடுத்த பத்து வருடத்துக்குக் கண்ணில் படாது. பழையவற்றில் பலவற்றை இணையத்தில் நூலகம் நிறுவனம் மின்வடிவில் வைத்திருக்கிறது, பணம் கட்டாமலே படிக்கலாம். எனக்குத் திரையில் நீண்ட நேரம் வாசித்துப் பழக்கமில்லை. ஆகவே மின்னூலா அச்சா என்ற கேள்விக்கு நான் சரியான ஆள் இல்லை.

நாவல்தான் என்னை வாசிக்க வைத்தது. 1970களில் வந்த வீரகேசரிப் பிரசுரங்களையும், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து அம்மா தடித்த நூலால் தைத்து வைத்திருந்த கட்டுகளையும் படித்துத்தான் வளர்ந்தேன். போர்க்காலத்தில் மின்சாரம் நின்ற இரவுகளில் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து ஒருவர் வாசிக்க நால்வர் கேட்போம். வெளியே என்ன நடந்தாலும், அந்த அத்தியாயம் முடியும் வரை நாங்கள் வேறோர் ஊரில் இருந்தோம். அந்த உதவியை வேறு எந்த வகை நூலும் எனக்குச் செய்ததில்லை. இருந்தும் நாவல்களைக் கொடுத்துவிட மனம் துணிந்ததற்குக் காரணம், அவை கை மாறிக்கொண்டே இருக்கப் பிறந்தவை என்பதுதான். வாசிகசாலையில் அவை இப்போதும் இருக்கின்றன. வேண்டியபோது போய் எடுத்து வருகிறேன். முன்பு என் வீட்டில் தூசி பிடித்துக் கிடந்தவற்றை இன்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து வாங்கிப் போகிறார்கள்.

வாழ்க்கை வரலாற்றில்தான் அதிகம் தடுமாறினேன். ஒரு மனிதர் தவறு செய்து, திருந்தி, மூப்படைந்து மறைவதை முந்நூறு பக்கங்களில் காட்டுவது பெரிய காரியம். ஆனால் நம்மவர்கள் எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் பெரும்பாலானவை புகழ்மாலைகள். அதிபரோ அரசியல்வாதியோ சமயப் பெரியாரோ, யாராக இருந்தாலும் முதல் பக்கத்தில் எப்படி நல்லவரோ, கடைசிப் பக்கத்திலும் அப்படியே நல்லவர். இடையில் அவர் என்ன முடிவு எடுத்தார், அதனால் யாருக்கு நோவு வந்தது என்பது எழுதப்படுவதில்லை. அவற்றைத்தான் கழித்தேன். ஆங்கிலத்தில் வரும் பெரிய வாழ்க்கை வரலாறுகளில் நான் படித்தவை ஐந்தோ ஆறோதான்; அவற்றை இந்தக் குறைக்குள் அடக்க எனக்கு உரிமையில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவு மலரை நாங்கள் கல்வெட்டு என்போம். அதுவும் ஒரு வாழ்க்கை வரலாறுதான். தேவாரமும் குடும்ப மரமும் புகைப்படமும் போக, நடுவில் இரண்டு மூன்று பக்கங்களில் அந்த மனிதர் எந்தப் பாடசாலையில் படித்தார், எந்தக் கோயில் திருப்பணியில் நின்றார், எந்த வருடம் எந்த ஊருக்கு இடம்பெயர்ந்தார் என்று எழுதியிருக்கும். பல வீடுகளில் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நான் ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. தம்பலகாமத்து உறவினர் ஒருவரின் மலரில்தான் எங்கள் பரம்பரை வயல் வாய்க்காலின் பழைய பெயரை முதன்முதலாகப் படித்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது: வாழ்க்கை வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி எல்லாம் ஊர் வரலாறாகவே இருந்தது.

இனி, என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். ஊர் வரலாற்று நூலை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சரிபார்க்கலாம். மற்ற இரண்டில் இது அநேகமாக முடியாது.

கோணேசர் கோயிலுக்குப் போக பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்ட வேண்டும். சிறுமியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டும், பிறகு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டும் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அந்த வாசலால் போயிருக்கிறேன். கோட்டைக்குள் மேயும் மான்களைத்தான் பார்த்தேன். வாசல் கல்லில் செதுக்கிய இரட்டைக் கயல்களையும், அதனோடு உள்ள தமிழ் எழுத்துகளையும் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு மெலிந்த ஊர் வரலாற்று நூலில் படித்த பிறகு, மறுநாள் காலையே போய் நின்றேன். கல் முழுமையாக இல்லை, வரிகள் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. முன்னே மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கியர் பிரிப்பார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, அந்தத் துண்டுகளையும் வாய்வழி வந்ததையும் சேர்த்து நிரப்பியது. எது கல்லில் இருக்கிறது, எது நம் நாவில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அங்கிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். 1624இல் அதே முனையில் கோட்டை எழுந்தது. அப்படியானால் நான் நடக்கும் இந்த மதிலில் கோயிலின் கல் எது? 1639இல் ஒல்லாந்தர், 1782இல் ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயரும் அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரரும், 1795இல் மறுபடி ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டைக்குப் பிரெட்ரிக் என்ற பெயர் வந்ததே 1803இல்தான். 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் கிடைத்தன. 1956இல் விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும், கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1963இல் குடமுழுக்கு நடந்தது. அம்மாவுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கின்றன. புத்தகத்தில் உள்ள வருடத்தை நான் சொல்ல, அன்று எந்தத் தெருவில் நின்று பார்த்தார் என்பதை அவர் சொல்வார். நாவலைப் பற்றியும் அம்மாவோடு பேசியிருக்கிறேன். ஆனால் புத்தகம் தவறவிட்டதை அம்மா நிரப்பியது இதில்தான்.

இன்னொன்று: ஊர் வரலாற்றைப் படித்த பிறகு மற்ற இரண்டு வகைகளும் எனக்குக் கூடுதலாகத் திறந்தன. தமிழின் முதல் வரலாற்று நாவலாகச் சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, இந்த ஊரில் பிறந்தவர். நாவல் படித்த இத்தனை வருடங்களில் எந்த நாவலும் எனக்கு அதைச் சொல்லவில்லை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் கடற்படைத் தளபதியாக இருந்தவர். 1852இல் பர்மாவில் கொலராவால் இறந்த அவரை அடக்கம் செய்தது இங்கே, மைதானத்தை ஒட்டிய பழைய சேமக்காலையில். அந்த வழியால் எத்தனை தரம் மீன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்!

மூதூருக்கு முன்பெல்லாம் படகில்தான் போவோம். கிண்ணியாவில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கடப்போம். 2009இல் பாலம் திறந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். 1660இல், புயலில் பாய்மரம் முறிந்த கப்பலோடு மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் ஒதுங்கி, தந்தையோடு பிடிபட்டு, பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸின் கதையை அன்றைக்கு முன்பே படித்திருந்தேன். தந்தை அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோகிறார். மகன் தன் கையால் குழி வெட்டுகிறான். வீட்டில் படித்தபோது அது தூரத்து வெள்ளைக்காரர் ஒருவரின் துயரம். அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்து இடத்தில், உப்புக் காற்று முகத்தில் அடிக்க நின்றபோது, அது எங்கள் மண்ணில் நடந்த துயரமாகிவிட்டது. மகள் திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஊர் வரலாறு கேட்கும் பராமரிப்பையும் சொல்ல வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் அலுமாரி வியர்ப்பதும், கறையானும், வேப்பிலை வைப்பதும் மூன்று வகைக்கும் பொதுதான். நான் சொல்வது வேறு பராமரிப்பு. இந்த வகை நூலில் ஒன்றை மட்டும் வைத்திருக்க முடியாது. இரண்டாவது ஒன்று பக்கத்தில் வேண்டும். ஊர்ப்பற்றோடு எழுதுபவர்கள் ஐதீகத்தையும் ஆவணத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். கந்தளாய்க் குளத்தைக் கட்டியது குளக்கோட்டன் என்பது எங்கள் மரபு, கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலும் அந்த மரபில் நிற்பது. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது சிங்கள வரலாற்று மரபு. ஒன்றை மட்டும் படித்தால் மற்றவர் பொய் சொல்கிறார் என்று தோன்றும். இரண்டையும் படித்து, குளக்கட்டில் நின்று அந்தத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்தால், பல தலைமுறைகள் கட்டி, உடைந்து, திருத்திய ஒன்று என்பது புரிகிறது. 1986 ஏப்ரலில் அந்தக் கட்டு உடைந்து ஆட்களைக் கொண்டுபோனதை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

சுவாமி மலை முனையில் ஒல்லாந்தப் பெண் பிரான்சினாவின் பெயரும் 1687 என்ற வருடமும் பொறித்த தூணைப் பற்றியும் இப்படித்தான். காதலன் கப்பலேறிப் போனதைக் கண்டு அவள் மலையிலிருந்து பாய்ந்தாள் என்று சிறு வயதில் கேட்டு அழுதிருக்கிறேன். ஆவணங்களைப் பார்த்தவர்களோ அவள் அதன் பிறகும் வாழ்ந்து மறுமணம் செய்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு வருத்தம் வரவில்லை. அவள் பிழைத்திருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே ஓரத்தில் பென்சிலால் குறிப்பதும், ஒரு கொப்பியில் வருடங்களை எழுதி முரண்படுவதைக் கோடிடுவதும் தவிர்க்க முடியாத வேலை. வாரத்துக்கு ஒரு மணித்தியாலமாவது போகும். அதற்கு நேரமில்லாதவர்கள், பகல் முழுவதும் வேலை செய்து இரவில் மனம் ஆற வேண்டியவர்கள், நாவலையே வைத்திருங்கள். உங்கள் தெரிவு தவறில்லை. ஊரை விட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என் காரணம் எவ்வளவு பொருந்தும் என்று தெரியவில்லை, நடந்து போய்ப் பார்க்க முடியாதபோது இந்த நூல்கள் ஏக்கத்தைத்தான் கூட்டுமோ என்னவோ. கனடாவில் இருக்கும் என் தங்கை அப்படித்தான் சொல்கிறாள். ஆனாலும் புதிதாக ஏதாவது வந்தால் அனுப்பச் சொல்கிறாள்.

நாவல்களில் ஒன்றை மட்டும் கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்: அம்மா தைத்த கட்டு. அதைத் திருப்பிக் கேட்க வாசிகசாலைக்குப் போனபோது ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தது. திரும்பி வந்ததும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஊர் வரலாற்றில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டை வாசல் கல்லை உச்சி வெயிலில் பார்க்கப் போகாதீர்கள், ஒன்றும் தெரியாது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் இறங்கினால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.