மூன்று நீல டிரம்மும் ஏழு கோய் மீனும்: நாலு வருஷ ஃபில்டர் அனுபவம்

கோவையில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு கோய் குளம் இருக்கிறது. கோய் என்பது வண்ண வண்ண அலங்காரக் கெண்டை மீன். பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றரை அடி ஆழம். கிட்டத்தட்ட 6,000 லிட்டர் பிடிக்கும். அதன் ஓரத்தில் 200 லிட்டர் நீல டிரம்கள் மூன்று வரிசையாக நிற்கின்றன. 2021 தை மாதம் நானே துளை போட்டு, குழாய் சேர்த்து வைத்த ஃபில்டர் அது. அன்றிலிருந்து இரவு பகலாக ஓடுகிறது. வெளியே தெரியும் டிரம்கள் அப்படியேதான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. அந்த மாற்றங்களுக்கு இடையில் ஐந்து மீன்களைப் பறிகொடுத்தேன். புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்கு அந்த இழப்பு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கோய் மீனைப் பற்றி ஒரு விஷயம். அதற்கு இரைப்பை கிடையாது, வாயில் போனது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும், கழிவும் அதற்கேற்ற மாதிரி வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சாணம் ஒரு பக்கம். அமோனியாவின் பெரும்பகுதியோ செவுள் வழியாக நேரடியாகத் தண்ணீரில் கலக்கிறது. வலை போட்டு அரித்தாலும் அது சிக்காது, பாக்டீரியாதான் அதைத் தின்று தீர்க்க வேண்டும். ஆக ஃபில்டருக்கு இரண்டு வேலை. சாணத்தைப் பிரித்து வெளியேற்றுவது ஒன்று, பாக்டீரியாவுக்கு வீடு கொடுப்பது இன்னொன்று. நான் முதல் வருஷம் இரண்டாவது வேலையை மட்டும் யோசித்தேன். அங்கேதான் எல்லாம் தப்பாகப் போனது.

முதல் அமைப்பில் மூன்று டிரம்மிலும் சரக்கை நிரப்பி வைத்தேன். ஒன்றில் அடர்த்தியான ஸ்பாஞ்ச், அடுத்ததில் காய்ந்த பீர்க்கங்கூடு, கடைசியில் 40 எம்.எம். கருங்கல் ஜல்லி, நூற்றி இருபது கிலோவுக்கு மேல். ஸ்பாஞ்ச் நாலே நாளில் அடைத்துக்கொண்டது. பிழிந்து வைத்தால் மறுபடி நாலு நாள். பீர்க்கங்கூடு பார்க்க அழகாக இருந்தது, இரண்டு மாதத்தில் கூழாகி அதுவே அழுக்கானது. ஜல்லிதான் மோசம். மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை இறக்கிவிட்டுக் கையை விட்டேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புச் சேறு. கல்லைப் புரட்டியதும் அழுகிய முட்டை நாற்றம். காற்றே படாத இடத்தில் கழிவு தங்கினால் வரும் நாற்றம் அது. மீன்கள் நீந்திக்கொண்டிருந்த தண்ணீர் அந்தச் சேற்றின் வழியாகத்தான் போய் வந்தது என்று நினைத்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

அதற்கும் முன்னால், முதல் மாதமே நாலு மீன் போய்விட்டது. சென்னை கொளத்தூரில் இருந்து ஆக்ஸிஜன் பையில் வந்த பன்னிரண்டு குஞ்சுகளையும் ஒரே நாளில் குளத்தில் விட்டேன். ஃபில்டர் ஓடுகிறதே என்ற தைரியம். ஆனால் புது ஃபில்டர் என்பது ஆள் குடி வராத வீடு மாதிரி. அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நைட்ரோசோமோனாஸ் முதலில் வர வேண்டும், அதை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரோஸ்பைரா அதற்கப்புறம் பெருக வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் நைட்ரைட் ஏறி மீனின் இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற விடாமல் செய்துவிடும். சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்கியது நாலாவது மீன் செத்த அன்றுதான். நைட்ரைட் குழாயில் சொட்டுகளை விட்டுக் குலுக்கியதும் வெளிர் நீலமாக இருக்க வேண்டிய தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றி, ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் அயோடின் கலக்காத கல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கிறது. மீதி எட்டும் பிழைத்தன.

சரி, இப்போது இருக்கும் அமைப்புக்கு வருகிறேன்.

முதல் டிரம்மில் சரக்கே இல்லை. வெறும் தண்ணீர். நடுவில் ஒரு 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியை வெட்டிவிட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். குளத்து மோட்டாரில் இருந்து வரும் குழாய், எல்போ போட்டு மேல் நோக்கி அந்த வாளிக்குள் திறக்கிறது. வேகமாக வரும் தண்ணீர் வாளிக்குள் அடங்கி, கீழே இறங்கி, பக்கவாட்டில் பரவி, மெதுவாக மேலே ஏறி அடுத்த டிரம்முக்குப் போகிறது. அந்த மெதுவான ஏற்றத்தில் கனமான கழிவு அடியில் தங்கிவிடும். டிரம்மின் அடியில் இரண்டு அங்குல பால் வால்வு. வால்வுக்கு எதிர்ப் பக்கம் அரைச் செங்கல் முட்டுக்கொடுத்து டிரம்மை லேசாகச் சாய்த்திருக்கிறேன், சேறு வால்வுப் பக்கம் வந்து சேர்வதற்காக. தினமும் காலையில் பத்து விநாடி திறந்தால் போதும். முதல் மூன்று விநாடி காப்பி நிறத்தில் கொட்டும், அப்புறம் டீ நிறம், அப்புறம் தெளிந்துவிடும். தெளிந்ததும் மூடிவிடுவேன். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகிறது.

இந்த ஒரு டிரம்தான் என் ஃபில்டரையே மாற்றியது. எந்த மீடியா (உள்ளே போடும் சரக்கு) நல்லது, பாக்டீரியா ஒட்டி வளர எதில் பரப்பு அதிகம் என்று மாதக்கணக்கில் தேடிய எனக்கு, காலியான டிரம்மும் பெரிய வால்வும்தான் தேவையாக இருந்தது. குனிந்து கஷ்டப்பட்டுக் கழுவ வேண்டிய ஃபில்டரை யாராக இருந்தாலும் தள்ளிப்போடுவோம். வால்வைத் திறப்பதை யாரும் தள்ளிப்போட மாட்டோம். ஒன்றேகால் அங்குல வால்வு போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரு புங்க இலை குறுக்கே நின்றாலே அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது டிரம்மில் பழைய நைலான் மீன் வலையைப் பந்து பந்தாகச் சுருட்டிப் போட்டிருக்கிறேன். முதல் டிரம்மைத் தாண்டி வரும் நுண்ணிய தூசு இதில் ஒட்டும். பத்து நாளைக்கு ஒரு முறை அலசுவேன், குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து அதிலேயே. ஒரு தடவை சோம்பலில் வாசல் குழாயில் பிடித்துக் கழுவிவிட்டேன். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. வலையில் வளர்ந்த பாக்டீரியாவில் பெரும்பகுதி போயிருக்க வேண்டும், மூன்று நாள் அமோனியா சோதனையில் மஞ்சள் வராமல் பச்சை காட்டியது. குளத்துக்குப் புதுத் தண்ணீர் விடும்போதும் முதலில் தொட்டியில் பிடித்து, குளோரினை முறிக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைத்த பிறகே விடுகிறேன்.

மூன்றாவது டிரம்மில் கே1 மீடியா 60 லிட்டர். சின்னச் சக்கரம் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள். நார்வேயில் 1980களின் இறுதியில் கழிவுநீர் சுத்திகரிப்புக்காக உருவான முறை இது. ஒரு கன மீட்டர் கே1இல் ஏறத்தாழ 500 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும், என் 60 லிட்டருக்கு 30 சதுர மீட்டர். அடியில் ஏர் பம்ப் கற்களை வைத்திருக்கிறேன். குமிழி மேலே வர வர, துண்டுகள் ஒன்றோடொன்று உரசிப் புரண்டுகொண்டே இருக்கும். பழைய, செத்த படலம் தானாக உதிர்ந்துவிடும். இரண்டரை வருஷமாக இதை ஒரு தடவைகூட வெளியே எடுத்துக் கழுவவில்லை. வாங்கிய புதிதில் எல்லாம் மேலேயே மிதந்து அசையாமல் கிடந்தது, ஏமாந்துவிட்டோமோ என்று பயந்தேன். ஐந்தாறு வாரத்தில் பழுப்பு நிறப் படலம் பிடித்ததும் கனம் கூடி உருள ஆரம்பித்தது. டிரம்மை முழுக்க நிரப்பாமல் பாதிக்குள் வைத்தால்தான் புரள இடம் இருக்கும்.

மோட்டார் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். என்னுடையதில் மணிக்கு 6,000 லிட்டர் என்று இருக்கிறது. ஐந்தடி உயரம் ஏற்றியபின் கடைசிக் குழாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்தால் நிரம்ப இருபது விநாடி ஆகிறது. அதாவது மணிக்கு 3,600 லிட்டர். குளம் முழுக்க ஒரு சுற்று வர ஒன்றேமுக்கால் மணி நேரம் தாண்டாது, இந்த மீன் எண்ணிக்கைக்கு அது போதும். பழைய 80 வாட்ஸ் மோட்டார் இரண்டு மாதத்தில் 115 யூனிட் இழுத்தது, அப்போது மின்வாரியம் இலவசமாகத் தந்த 100 யூனிட்டை அதுவே தின்றுவிட்டது. அதே அளவு தண்ணீர் தரும் 40 வாட்ஸ் மோட்டாருக்கு மாறியபின் பாதியாகக் குறைந்தது. ஏர் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். கரண்ட் போனால் மோட்டார் நிற்கலாம், காற்று நிற்கக்கூடாது. சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரி தொட்டால் ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரையும். அதில் மீனுக்கும் பங்கு வேண்டும், பாக்டீரியாவுக்கும் பங்கு வேண்டும்.

அதே சித்திரையில்தான் இன்னொரு பாடம். பக்கத்து வீட்டுப் புங்க மரம் பூத்துக் கொட்டியது. ஒரே இரவில் குளத்தில் விழுந்த பூ எல்லாம் இரண்டாவது டிரம் வலையில் போய் அடைத்துக்கொண்டது. முதல் டிரம் வழிந்து, மோட்டார் குளத்துத் தண்ணீரை எல்லாம் தோட்டத்துக்கு இறைத்துவிட்டது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் குளத்தில் ஒன்றரை அடி குறைந்திருந்தது, மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. அன்றைக்கே ஒவ்வொரு டிரம்மிலும் விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே இரண்டு அங்குலத் துளை போட்டு, டேங்க் நிப்பிள் வைத்து, வழியும் தண்ணீர் குளத்துக்கே திரும்பும்படி செய்தேன். ஆடிக் காற்றுக் காலத்திலும் இது காப்பாற்றியிருக்கிறது.

ஐந்தாவது மீன் போனது 2023 ஐப்பசியில். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது. தலையில் மட்டும் சிவப்பு வட்டம் உள்ள தான்ச்சோ வகை. குழந்தைகள் அதைப் பொட்டுக்காரி என்று கூப்பிடுவார்கள். அந்த வருஷம் போர் தண்ணீர் குறைந்ததால், நாலைந்து மாதமாகச் சிறுவாணித் தண்ணீரை மட்டுமே குளத்துக்கு விட்டு வந்தேன். மேலே மழையும் கொட்டியது. குடிக்க நல்ல தண்ணீர், மீனுக்கும் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற, பாக்டீரியா ஏழு கிராம் அளவுக்குத் தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. எங்கள் போரில் வரும் உப்புத் தண்ணீரில் அது தாராளமாக இருக்கிறது. சிறுவாணித் தண்ணீரில் குறைவு, மழைத் தண்ணீரில் இல்லவே இல்லை. கே.எச். என்று அளக்கும் அந்தக் காரத்தன்மை தீர்ந்ததும் பி.எச். 6.2க்கு விழுந்து தண்ணீர் அமிலமாகிவிட்டது. மீன்கள் துடுப்பை ஒடுக்கி அடியில் படுத்தன. பொட்டுக்காரியின் வெள்ளைத் தோலில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. இரண்டாம் நாள் காலையில் மிதந்தாள்.

அந்த நேரத்தில் பதறிப்போய் சோடாவை மொத்தமாகக் கொட்டாதது நல்லதாகப் போயிற்று. அமில நீரில் அமோனியா பெரும்பாலும் தீங்கில்லாத வடிவில் இருக்கும். பி.எச்.ஐ ஒரேயடியாக ஏற்றினால் அது நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். 30 டிகிரியில், பி.எச். 7இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் நச்சுப் பங்கு, 8இல் ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே தீவனத்தை நிறுத்திவிட்டு, தினம் கொஞ்சம் தண்ணீரை மாற்றி, 180 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினேன். 6,000 லிட்டரில் அது கே.எச்.ஐ ஒரு டிகிரி உயர்த்தும். ஐந்து நாளில் மீதி ஏழும் மேலே வந்து இரை கேட்டன. இப்போது மூன்றாவது டிரம்மில் இரண்டு கிலோ கிளிஞ்சலை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பி.எச். இறங்கும்போது அது தானே கரைந்து ஈடுகொடுக்கும். மாதம் ஒரு முறை கே.எச். பார்க்கிறேன், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை.

பச்சைத் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல ஃபில்டரானாலும் மிதக்கும் நுண்பாசியை அதனால் பிடிக்க முடியாது. நிழல் வலை கட்டினேன், குறைந்தது, போகவில்லை. 18 வாட்ஸ் யு.வி. விளக்கு போட்டபின் பத்து நாளில் அடி தெரிந்தது. விளக்கு எரிவது தெரிந்தாலும் ஒரு வருஷத்தில் அதன் வலு இறங்கிவிடும், மாற்ற வேண்டும். கண்ணாடி உறையில் உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படியும். எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

செலவு, யு.வி. விளக்கு தவிர்த்து, மொத்தம் 14,000 ரூபாய்க்குள். அதில் கே1தான் பெரிய தொகை. டிரம் பழையதாக வாங்கலாம், ஆனால் உணவுப் பொருள் வந்த டிரம்தானா என்று கேட்டு, மூடியைத் திறந்து மோந்து பார்த்து வாங்குங்கள். இரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. மறுபடி கட்டினால் ஒரே ஒரு மாற்றம் செய்வேன். குளத்தின் அடியிலேயே வடிகால் வைத்து, கழிவு மோட்டாரில் அரைபடாமல் தானாக முதல் டிரம்முக்கு வரும்படி அமைப்பேன். மோட்டார் வழியாக வரும்போது பாதி சாணம் கூழாகி, பிரிக்க முடியாமல் போகிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் ஊருக்குப் போனோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, காலையில் வால்வை மட்டும் திறந்து மூடச் சொன்னேன். "ஏனுங்க, நாலு நாளும் தீவனம் வேண்டாமுங்களா? மீனு பசியில கெடக்காதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க்கா, சுவத்துல இருக்கிற பாசியை மேஞ்சுக்கும். பட்டினியில சாகாதுங்க, தீவனம் அதிகமானாத்தான் ஆபத்து" என்றேன். திரும்பி வந்தபோது ஏழும் படிக்கட்டு ஓரம் வந்து நின்றன. அக்கா முதல் டிரம் மூடியில் சாக்பீஸால் நாலு கோடு போட்டு வைத்திருந்தார், திறந்த நாளுக்கு ஒன்றாக.