400-ஆ, 600-ஆ? தனுஷ்கோடிக் காற்றில் ஒரு பஞ்சாயத்து

போன மாதம் அக்கா மகன் ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்தான். "மாமா, பறவைக்கு 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கிரவா, இல்ல 100-400 போதுமா?" கையில் கேனன் ஆர்10 கேமரா வைத்திருக்கிறான். முகூர்த்த நாளில் கல்யாண வேலை, மற்ற நாளில் தனுஷ்கோடி. என் பிழைப்பும் அதேதான். இரண்டு லென்ஸும் என் அலமாரியில் இருப்பதால் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் எனக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

காகிதத்தில் பார்த்தால் 600தான் ஜெயிக்கும். ஆர்10-ன் சென்சார் முழு அளவைவிடச் சின்னது, அதனால் 1.6 மடங்கு கணக்குப் போட்டால் 400 என்பது 640 அளவுக்கு நெருக்கிக் காட்டும். 600 என்பது 960. வெளிச்சத்திலும் 600-க்குத்தான் கொஞ்சம் லாபம். எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்; அது கடைசி முனையில் எஃப் 6.3, கேனனின் ஆர்எஃப் 100-400 எஃப் 8. ஆனால் எடையைப் பாருங்கள். 150-600 இரண்டு கிலோவுக்குப் பக்கம், 100-400 வெறும் 635 கிராம். கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டம் எப்போது எழும்பும் என்று முக்கால் மணி நேரம் கண்ணில் வைத்துக் காத்திருந்தால், அந்த ஒன்றேகால் கிலோவுக்கு மேற்பட்ட வித்தியாசம் தோளுக்குத் தெரியும். கடைசியில் அது எழும்பும்போது நாம் கையை உதறிக்கொண்டு நிற்போம்.

அதைவிடப் பெரிய விஷயம் கானல். தனுஷ்கோடியில் காலை எட்டரை, ஒன்பதுக்கே மணல் சூடேறிவிடும். இருநூறு மீட்டர் தள்ளி ஆழமில்லாத தண்ணீரில் நிற்கிற பூநாரையின் கால் நேர்க்கோடாக இருக்காது. தண்ணீருக்குள் விட்ட நூல் மாதிரி நெளியும். 600 போட்டால் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகத் தெரியுமே தவிர, இறகு ஒன்றுகூடக் கூடுதலாகக் கிடைக்காது. என் ஹார்ட் டிஸ்க்கில் அப்படி நெளிந்த கால்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. முதலில் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டேன், ஃபோகஸ் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். பாவம் அவர். ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் இதே கதைதான். உள்ளே குளிர், வெளியே வெக்கை, இரண்டும் லென்ஸ் முன்னாலேயே கலக்கும்.

ஆக, விடிந்து முதல் ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு. அந்த வெளிச்சத்தில் நிற்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/800 நொடி போதும், பறக்கிறதுக்கு 1/2000. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும் என்கிற எண்) ஆட்டோவில் விட்டு 6400-ல் வரம்பு வையுங்கள். கருத்த தண்ணீர் முன்னால் வெள்ளைப் பறவை நின்றால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டி இறகை வெளுக்க வைத்துவிடும், அதனால் எக்ஸ்போஷரை மைனஸ் முக்கால் ஸ்டாப் (வெளிச்சத்தின் அளவு) வரை குறைக்கணும். வெளிறிய வானத்தில் பறந்தால் நேர் எதிர், பிளஸ் ஒன்று. பூநாரை காற்றை எதிர்த்துத் தண்ணீரில் ஓடித்தான் எழும்பும். வாடை அடிக்கிற மாதங்களில் எந்தப் பக்கம் ஓடும் என்று முகத்தில் படுகிற காற்றே சொல்லிவிடும். இதைத் தெரிந்தவனுக்கு 400 போதும்.

நெருங்கிப் போனால் என்ன என்று கேட்காதீர்கள். 2025 ஜூனில் அரசு இந்த இடத்தைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. அறிவிக்காவிட்டாலும் தண்ணீரில் இறங்கித் துரத்துகிறவன் படக்காரனே இல்லை.

மணல் விஷயத்தில் இரண்டுமே தோற்றவைதான். ஒரு மார்கழியில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் 150-600-ஐ நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி எடுத்தேன். உப்பு ஈரத்தில் ஒட்டிய மணலை நீளும் குழாய் அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. மதியத்துக்குள் ஜூம் திருப்பினால் நறநறவென்று அம்மி அரைக்கிற சத்தம். பிரித்துத் துடைத்துத் திரும்பி வர மூன்று வாரம். 100-400-உம் நீளுகிற லென்ஸ்தான், தூசி, தண்ணீர் தடுப்பும் கிடையாது. சோனி 200-600, நிக்கான் 180-600 போல ஜூம் செய்தாலும் நீளாத லென்ஸ் இங்கே உண்மையிலேயே லாபம், ஆனால் அதற்காகக் கேமரா பாடியையே மாற்ற முடியுமா? நான் இப்போது காரிலேயே ஜூமை வேண்டிய நீளத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, அங்கே போய்த் தொடுவதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் புளோயரால் ஊதணும், பிறகுதான் ஈரத்துணி. எடுத்த எடுப்பில் சட்டைத் துணியால் துடைத்தால் மணலே கண்ணாடியைக் கீறிவிடும்.

மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. நிக்கான் பி950 மாதிரி எல்லாம் ஒன்றில் அடங்கிய கேமரா, மேலே போட்ட மடங்குக் கணக்கில் 2000 வரை இழுக்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களில் கருவேல மரக் கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற நாரைக்கு நன்றாகவே வரும். பாம்பனில் மீன்கழிவுக்குப் பாய்கிற செம்பருந்தை அதில் பிடிக்கப் பாருங்கள், காலி வானம்தான் மிஞ்சும். சென்சார் ஆர்10-ல் பன்னிரண்டில் ஒரு பங்குதான், கல்யாண மண்டபத்துக்குள் அதை எடுக்கவே வேண்டாம்.

கல்யாணத்துக்கு வருவோம். 24-70 எஃப் 2.8 ஜூம் ஒன்றா, ஜூம் இல்லாத 35-உம் 85-உம் எஃப் 1.8-ல் இரண்டா? வெளிச்சத்துக்கு இரண்டாவது. ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் சித்தப்பா, தாய்மாமன், வீடியோக்காரர் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நிற்க, பின்னால் ஓரடி நகர இடமிருக்காது. அப்போது ஜூம்தான் தெய்வம். அதுவுமில்லாமல் 1.8-ல் எடுத்தால் பெண்ணின் கண் பளிச்சென்று விழும், மாப்பிள்ளை முகம் மங்கிப்போகும். அந்த ஆல்பத்தை மாப்பிள்ளை வீட்டில் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? நான் எஃப் 4-க்குக் கீழே இறங்குவதில்லை. மேடை எல்இடி நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். 1/100-ல் மெக்கானிக்கல் ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகத்தைக் கூட்டினால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். 1/100-ல் அட்சதை கோடு கோடாக விழும். எனக்கு அது பிடிக்கும்.

ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை போதும். ராமநாதசுவாமி கோயிலுக்குள் கேமராவும் கூடாது, போனும் கூடாது. பாம்பன் பாலத்துக்கும், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்துக்கும் கேமராவோடு வருகிற கிட் லென்ஸே தாராளம். விடியற்காலையில் லாட்ஜ் ஏசியிலிருந்து நேராக வெளியே எடுத்து வந்தால் லென்ஸில் ஈரம் படிந்து பூத்துப்போகும், கிளம்ப அரை மணி முன்னாலேயே ஏசியை நிறுத்துங்கள்.

மருமகன் 100-400-ஐயே வாங்கினான். மிச்சக் காசுக்குக் கல்யாண வேலைக்கென்று ஒரு 35-உம், பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். போன ஞாயிறு முதல் படத்தை அனுப்பியிருந்தான். எடுத்த நேரம் பத்தரை மணி. கால் நெளிகிறது.