அயா நாபாவா, சான் அந்தோனியோவா?

பகலில் கடற்கரை, இரவில் ஆட்டம் பாட்டம் என்று மத்திய தரைக்கடல் தீவொன்றில் ஒரு வாரத்தைக் கழிக்க நினைப்பவர்களின் தேர்வில் பெரும்பாலும் இரண்டு ஊர்கள் கடைசி வரை போட்டியிடும். ஒன்று சைப்ரஸின் தென்கிழக்கு மூலையில் உள்ள அயா நாபா. மற்றொன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான இபிசா தீவின் மேற்குக் கரையில் உள்ள சான் அந்தோனியோ. விளம்பரப் படங்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. என்னைக் கேட்டால், அயா நாபா கடலுக்காகப் போக வேண்டிய ஊர், சான் அந்தோனியோ இசைக்காகப் போக வேண்டிய ஊர். இதை மாற்றிப் புரிந்துகொண்டு பயணச்சீட்டு எடுப்பவர்கள்தாம் திரும்பி வந்து குறை சொல்கிறார்கள்.

கடல் என்று வந்துவிட்டால் அயா நாபாவுக்கு அருகில் சான் அந்தோனியோ நிற்க முடியாது. ஊர் மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் உள்ள நிஸ்ஸி கடற்கரையில் மணல் வெளிறிய நிறத்தில் மாவு போல இருக்கும். நீர் வெகுதூரம் வரை ஆழமின்றிக் கிடப்பதால், எதிரே தெரியும் சிறு பாறைத் திட்டுக்கு நீச்சல் தெரியாதவர்களும் அலை அடங்கிய நாளில் நடந்தே போய் வரலாம். கோடையின் நடுவில் அங்குள்ள பாரின் ஒலிபெருக்கி பிற்பகலிலேயே அலறத் தொடங்கிவிடும் என்பதால், அமைதியை விரும்புபவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஊருக்குக் கிழக்கே காவோ கிரேக்கோ முனையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைக் கடல் குடைந்து குகைகளாக்கியிருக்கிறது. 2021இல் திறக்கப்பட்ட நீரடிச் சிற்பக்கூடம் ஒன்றும் இவ்வூரில் உண்டு. ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சிற்பி செய்த 90க்கும் மேற்பட்ட சிற்பங்கள் கரையிலிருந்து சற்றுத் தொலைவில் கடலடியில் நிறுத்தப்பட்டிருக்கின்றன.

சான் அந்தோனியோவின் விரிகுடா அடிப்படையில் ஒரு படகுத்துறை. ஊருக்குள் இருக்கும் மணற்பரப்பு சிறியது. நல்ல கடற்கரை வேண்டுமென்றால் காலா பாசாவுக்கோ காலா கோம்தேவுக்கோ படகிலோ பேருந்திலோ போக வேண்டும். ஆனால் மேற்கு நோக்கிய ஊர் என்பதால் சூரியன் நேரே கடலில் இறங்குவதைக் கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கென்றே இசையைத் தேர்ந்து ஒலிக்கவிடும் வழக்கத்துக்குப் பெயர் பெற்ற கஃபே தெல் மார் 1980இல் இங்குதான் தொடங்கியது.

இரவில் தராசு மறுபக்கம் சாய்கிறது. 1987 கோடையில் இபிசாவுக்கு விடுமுறைக்கு வந்த சில லண்டன் டிஜேக்கள், சான் ரஃபேல் கிராமத்துக்கு அருகில் உள்ள அம்னீசியா என்ற இரவு கிளப்பில் அர்ஜென்டினாவிலிருந்து வந்து குடியேறிய ஆல்ஃபிரெடோ என்பவர் ராக், பாப், சிகாகோ ஹவுஸ் என்ற நடன இசை எல்லாவற்றையும் கலந்து விடிய விடிய ஒலிக்கவிட்டதைக் கேட்டார்கள். ஊர் திரும்பியதும் அதே பாணியை லண்டனில் பரப்பினார்கள். பிரிட்டனின் நடன இசை மாறிய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1973இல் திறந்த பாச்சாவும், 1976இல் தொடங்கிய அம்னீசியாவும், பழைய ஸ்பேஸ் 2016இல் மூடியபின் அதே இடத்தில் 2017இல் வந்த ஹய் இபிசாவும் உலகின் முன்னணி டிஜேக்களை வாரந்தோறும் மேடையேற்றுகின்றன. இவற்றில் எதுவுமே சான் அந்தோனியோவுக்குள் இல்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அம்னீசியா தீவின் நடுப்பகுதியில் இருக்கிறது, மற்றவை கிழக்குப் பக்கம் இபிசா நகரை ஒட்டியிருக்கின்றன. கோடை இரவுகளில் ஓடும் டிஸ்கோபஸ் இல்லாவிட்டால் டாக்சிக் கட்டணமே பர்ஸைக் காலி செய்துவிடும். பெரிய பெயர்கள் வரும் இரவுகளில் நுழைவுச்சீட்டு 50 யூரோவைத் தாண்டுவது சாதாரணம், உள்ளே தண்ணீர் பாட்டிலின் விலையைக் கேட்டாலே தாகம் அடங்கிவிடும்.

அயா நாபாவில் இந்த அலைச்சல் இல்லை. மதுக்கூடங்களும் கிளப்புகளும் ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தைச் சுற்றியே இருக்கின்றன. பல இடங்களில் நுழைவுக் கட்டணமே கிடையாது. வாசலில் நிற்கும் இளைஞர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார்கள். அந்தச் சதுக்கத்துக்கு 1963இல் நோபல் பரிசு பெற்ற கிரேக்கக் கவிஞர் செஃபெரிஸின் பெயர் என்பது அங்கே கூத்தடிக்கும் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. சதுக்கத்தை ஒட்டியே வெனிஸ் ஆட்சிக்காலத்து மடாலயமும் அதன் எதிரே மிகப் பழைய அத்திமரம் ஒன்றும் இருக்கின்றன. பகலில் போனால் முற்றத்து நீரூற்றின் ஓசை கேட்கும். ஆனால் இசை என்ற அளவில், புத்தாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் கராஜ் என்ற நடன இசைக்கு இவ்வூர் கோடைத் தலைநகராக இருந்ததைத் தாண்டி, இபிசாவோடு ஒப்பிடத்தக்க மரபு எதுவும் இங்கே இல்லை.

மலிவாகக் குடித்துத் தெருவில் ஆடலாம் என்று சான் அந்தோனியோவின் வெஸ்ட் எண்ட் பகுதிக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இபிசாவும் மயோர்காவும் அடங்கிய பாலியாரிக் தீவுகளின் அரசு 2020இல் கொண்டுவந்த ஆணை, மயோர்காவின் சில பகுதிகளோடு இப்பகுதியிலும் கூட்டமாகப் பார் பாராகச் செல்லும் ஏற்பாடுகளையும் தள்ளுபடி விலை மதுவையும் தடை செய்தது, இரவு 9.30க்கு மேல் கடைகளில் மது விற்கவும் கூடாது.

ஒரு நாளாவது வேறு எதையாவது பார்க்க விரும்புகிறவர்களுக்கு இபிசா நகரின் கோட்டைப் பகுதியான தால்ட் வீலா இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது, அழகானது. ஆனால் மனத்தில் தங்குவது சைப்ரஸின் தெரினியா கிராமம்தான். 1974இல் துருக்கிப் படை வந்தபோது ஃபமகுஸ்தா நகரின் வரோஷா பகுதி மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். வேலியிடப்பட்ட அந்த விடுதி நகரத்தின் சுற்றுலா வணிகம்தான், அதுவரை மீனவர்களும் விவசாயிகளும் வாழ்ந்த அயா நாபாவுக்கு இடம் மாறியது. தெரினியா கிராமத்திலிருந்து பார்த்தால் அந்த ஆளற்ற உயர்மாடிக் கட்டடங்கள் தொலைவில் தெரியும்.

நடைமுறை விஷயங்களில் நம்மவர்களுக்கு அயா நாபா சற்று வசதி. பிரிட்டிஷ் ஆட்சி 1960 வரை நீடித்ததால் வண்டி இடப்பக்கம் ஓடும், ஆங்கிலம் எங்கும் செல்லும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் வீட்டுச் சார்ஜரை அப்படியே செருகலாம். வளைகுடா நகரங்கள் வழியாக லார்னகா விமான நிலையத்தில் இறங்கினால் சாலையில் முக்கால் மணி நேரம் போதும். இபிசாவுக்குப் பார்சலோனாவிலோ மாட்ரிடிலோ இன்னொரு முறை விமானம் மாற வேண்டியிருக்கும். இபிசாவுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004இல் சேர்ந்தபோதும் ஷெங்கன் வளையத்துக்கு வெளியே நெடுங்காலம் இருந்த நாடு. சேரும் முயற்சி முனைப்பாக நடப்பதால், எந்த விசா என்பதைத் தூதரகத் தளத்தில் பார்த்த பிறகே சீட்டு எடுக்க வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கும் சைப்ரஸ்தான். கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாள்கள் அதிகம் என்பதால் பயறு, கீரை, கிழங்கு சமையல் அங்கே வேரூன்றியது. வேகவைத்த காராமணியில் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தரும் லூவியைக் கேட்டு வாங்கலாம். அயா நாபாவை அடுத்த சொதீரா கிராமம் சேப்பங்கிழங்குக்குப் பெயர் போனது. பெரும்பாலும் பன்றி இறைச்சியோடு சமைப்பார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, அயா நாபாவிலிருந்து 10 கிலோமீட்டர் அளவில் உள்ள புரொட்டாராஸில் தங்குவது உத்தமம். அதே நீர், அதே மணல், இரவில் தூக்கமும் வரும். இசைக்காக இபிசா என்று முடிவு செய்தவர்கள் மே முதல் அக்டோபர் தொடக்கத்துக்குள் போக வேண்டும். பருவ நிறைவு விருந்துகள் முடிந்ததும் பெரிய கிளப்புகள் கதவைச் சாத்திவிடும். கடலுக்காகப் போகிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஆகஸ்டு நெரிசல் வடிந்த அக்டோபரிலும் அயா நாபாவில் நீர் குளிக்க இதமாகவே இருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும்.