ஐயரை மேலிடம் அனுப்புவதா, நாமே தேடுவதா, மகனுக்கே கொடுப்பதா?

எங்கள் சபைக்கு எட்டு மாதமாகப் போதகர் இல்லை. காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் கூடினால் அதிகம் என்கிற அளவில் ஒரு தனிச் சபை. மேலே பேராயம், பேராயர் என்று யாரும் கிடையாது. இருந்தவர் வயதாகி ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார், இப்போது வாரம் ஒருவரை எங்கிருந்தாவது கூப்பிட்டு ஆராதனை நடக்கிறது. "பேசாம சி.எஸ்.ஐ.யோட சேந்துருவோம், அவுக ஐயரை அனுப்பிருவாக" என்று ஒரு கட்சி, "தேடுனா கிடைப்பாரு" என்று இன்னொரு கட்சி, "பழையவர் மகனே இருக்காருல்ல" என்று மூன்றாவது கட்சி. மூன்று கட்சியோடும் டீக்கடையில் நின்று கேட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். (கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ஐயர் என்றால் போதகர், ஜாதி இல்லை. பழைய புராட்டஸ்டண்ட் சபைகளில் அப்படித்தான் கூப்பிடுவோம், அவர் மனைவி ஐயரம்மா. சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை.)

அனுப்பி வைக்கும் முறையை முதலில் பார்க்கலாம். கத்தோலிக்கரிடம் இதில் குழப்பமே இல்லை. 1987இல் மதுரையிலிருந்து பிரிந்தது சிவகங்கை மறைமாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, அந்தப் பக்கம் ஓரியூர் வரை அதற்குள் வருகின்றன. பங்குத்தந்தை யார் என்று முடிவு செய்வது ஆயர். அவர் வட்டார முதன்மைக் குருவைக் கலந்துகொள்ள வேண்டும், தேவைப்பட்டால் சில குருக்களையும் பொதுநிலையினரையும் (குருவாகாத சாதாரண ஜனங்களையும்) கேட்கலாம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது, ஆனால் ஜனங்கள் ஓட்டுப் போடும் பேச்சே இல்லை. 75 வயது ஆனால் பங்குத்தந்தை பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்வதும் சட்டத்தில் இருக்கிறது. என் கத்தோலிக்க நண்பர் ஒருவர் சொன்னார்: "புது ஃபாதர் வந்தா மாலை போட்டுக் கூட்டிட்டு வருவோம். பிடிச்சாச் சந்தோஷம், பிடிக்கலைன்னா அடுத்த மாறுதல் வரைக்கும் பொறுத்துக்குவோம்." எட்டு மாதம் கமிட்டி கூட்டிக் கூட்டி நொந்துபோயிருந்த எனக்கு அதைக் கேட்கப் பொறாமையாகத்தான் இருந்தது.

சி.எஸ்.ஐ. கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்கன் போர்டு என்ற சங்கத்தின் மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தார்கள், நம் பக்கத்துப் பழைய சபைகள் பலவற்றுக்கு வேர் அதுதான். அவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் பிரிவினர். அதாவது, ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து அழைக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள். 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது பேராயர் முறையும் கூடவே வந்தது. ஆக, ஓட்டுப் போட்டு ஐயரைத் தேர்ந்தெடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மாறுதல் பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்கள்!

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, இந்த முறையில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. காளையார்கோவில் பக்கம் வானம் பார்த்த பூமியில் பதினைந்து குடும்பம் இருக்கிற ஒரு கிராமத்துச் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு வருகிற காணிக்கையை முழுக்கச் சேர்த்தாலும் ஒரு போதகர் குடும்பத்துக்கு அரை வருஷம் சாப்பாடு போட முடியாது. தேடிக்கொள் என்று விட்டால் அவர்களுக்கு ஜென்மத்துக்கும் ஐயர் கிடையாது. நாலைந்து கிராமத்தைச் சேர்த்து ஒரு குருசேகரமாக்கி, டவுன் சபைகளின் பணத்தையும் பொதுவில் போட்டு, மேலிடம் ஒருவரை அனுப்பினால்தான் அங்கே திருவிருந்து நடக்கும். குறையும் இருக்கத்தான் செய்கிறது: நல்ல ஐயர் என்றால் டவுன் சபை "இவரை விடமாட்டோம்" என்று வேன் பிடித்துப் போய் நிற்கும், கிராமத்துக்கு வேன் பிடிக்கக் காசு இருக்காது.

அடுத்தது சபையே தேடுவது. அமெரிக்காவில் பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினர் இதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். சபை ஒரு தேர்வுக் குழுவை ஓட்டுப் போட்டு அமைக்கும், அந்தக் குழு சபையைப் பற்றி உள்ளது உள்ளபடி ஒரு குறிப்பு எழுதும், விண்ணப்பங்களைப் பார்க்கும், கடைசியில் ஒரே ஒருவரைச் சபைமுன் நிறுத்தும். அவர் பிரசங்கம் செய்வார், சபை ஓட்டுப் போடும், அதற்கு மேல் பல சபைகளுக்குப் பொதுவான வட்டார மன்றமும் ஒப்புதல் தர வேண்டும். இதற்கு ஒரு வருஷம் ஆவதெல்லாம் அங்கே சகஜம். இடையில் தற்காலிகப் போதகர் ஒருவர் இருப்பார், சாதாரணமாக அவரையே நிரந்தரமாக்க மாட்டார்கள். அந்த விதியின் அருமை எனக்கு இப்போதுதான் புரிகிறது. எங்களுக்கு வருகிற விருந்தாளிப் பிரசங்கியார்களில் இரண்டு பேர் ஒவ்வொரு முறையும் பார்சனேஜின் (போதகர் வீட்டின்) கிணற்றையும் மோட்டாரையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

நாங்களும் தேடினோம். மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவதாக வந்தவர் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தார், ஷூவில் தூசியோடு. எளிமையான, நல்ல பிரசங்கம். நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன், என் பக்கத்தில் பொருளாளர் அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மத்தியானம் செயலர் வீட்டில் சாப்பாடு. கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டே முதல் கேள்வி: "ஐயாவுக்குச் சொந்த ஊரு எது?" அவர் மாவட்டத்தைச் சொன்னார். "அதுல எந்தப் பக்கம்?" தாலுகாவைச் சொன்னார். "அங்க ரெண்டு ஊரு இருக்குல்ல, மேல ஊரா, கீழ ஊரா?" அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, கேட்டவரை நிமிர்ந்து பார்த்து, கீழ ஊர் என்றார். அதற்கப்புறம் ஊரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மா வேலை பார்க்கிறாங்களா, கீபோர்டு வாசிப்பாங்களா, ஓய்வுநாள் பள்ளி எடுப்பாங்களா என்று அவர் மனைவிக்கு ஒரு தனி இன்டர்வியூ நடந்தது, அவர் இல்லாமலே. பெண் பார்க்கப் போனால் கேட்கிற அத்தனையும் கேட்டார்கள். காலை நடந்த பிரசங்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

அவருக்கு நாங்கள் கடைசிவரை பதில் அனுப்பவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இத்தனைக்கும் எங்கள் சபையில் பாதிப் பேர் படித்தவர்கள், சிக்ரி ஆய்வுக்கூடத்திலும் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் பேங்கிலும் வேலைக்கு வந்த நாகர்கோவில், நெல்லைக்காரர்கள். மீதிப் பாதி சிவகங்கை, ராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கீர்த்தனையா கைதட்டிப் பாடுவதா என்று வாராவாரம் சண்டை போடுகிற இந்த இரண்டு பாதியும் ஒத்துப்போன ஒரே இடம் அந்தச் சாப்பாட்டுப் பந்திதான். மேலிடம் அனுப்பும் முறையில் ஜாதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே கையெழுத்துப் போடுகிறவர் எங்கோ தூரத்தில் இருக்கிறார். இங்கே கேள்வி கேட்டவர்தான் குழம்பும் ஊற்றினார்.

மகன் வழி பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. தனிப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இதுதான் நடைமுறை. அப்பா கொட்டகை போட்டு ஆரம்பித்தது, இடமும் சில சமயம் அப்பா பேரிலேயே இருக்கும், அப்புறம் யாரைத் தேடுவது? ஒரு நாள்கூடப் பிரசங்க மேடை காலியாக இருக்காது என்பது உண்மை. பையனுக்கு அழைப்பு உண்டா என்று கேட்பதற்கு ஆளில்லை என்பதும் உண்மை. எங்கள் பழையவரின் மகன் நல்ல பையன், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அவனை ஒருவரும் இன்னும் கேட்கவே இல்லை, அவனுக்காக ஒரு கட்சி மட்டும் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்கு முக்கியமாகப் படுவது, தேர்ந்தெடுப்பது யார் என்பதைவிடச் சம்பளம் யார் கையிலிருந்து போகிறது என்பதுதான். சிலோன் பெந்தெகொஸ்தே என்று ஆரம்பித்து இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன் என்கிறார்களே, அங்கே வெள்ளை உடுத்திய ஊழியர்களுக்குக் கல்யாணமும் கிடையாது, சம்பளமும் கிடையாது, விசுவாச வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள், போகச் சொன்ன ஊருக்குப் போகிறார்கள். குடும்பஸ்தர்களுக்கு அது சரிவராது. ஆனால் மேடையில் அவர்கள் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. எங்களிடம் ஐயர் சம்பளமான மாதம் 20,000 ரூபாயில் பாதியை ஒரே குடும்பம் கொடுக்கிறது. வட்டித் தொழில் பற்றி எந்த ஐயராவது எங்கள் மேடையில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. சி.எஸ்.ஐ.யில், கத்தோலிக்கரிடம், பொதுப் பையிலிருந்தோ மறைமாவட்டத்தின் ஏற்பாட்டிலோ சாப்பிடுகிற ஒருவர் அதைப் பேசிவிட்டு அடுத்த ஞாயிறும் அதே மேடையில் நிற்கலாம்.

மேலிடம் அனுப்புவதற்கும் சபையே தேடுவதற்கும் நடுவில் ஒரு வழி இங்கிலாந்துத் திருச்சபையில் இருக்கிறது. ஆளை முன்மொழிவது அந்த உரிமையுள்ள புரவலரோ பேராயரோ. ஆனால் சபையின் கமிட்டி இரண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, எங்களுக்கு இன்னின்ன தேவை என்று எழுதிக் கொடுக்கும், அந்த இருவரும் ஒப்பாவிட்டால் சாதாரணமாக நியமனம் நடக்காது. தனிச் சபையான எங்களுக்கு மேலே ஆளில்லை, சரி. எழுதிக் கொடுக்கும் பகுதியையாவது எடுத்துக்கொள்ளலாமே.

அடுத்த கமிட்டிக்கு மூன்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் குடும்பமும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது, மீதி சந்தாவாகப் பிரியட்டும். வருகிறவரிடம் ஊர் கேட்கக் கூடாது. திருச்சிக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். பொருளாளர் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பி, மூணாவதை மொதல்ல வச்சுக்குவோம், மத்த ரெண்டும் மெதுவாப் பாப்போம்" என்றார்.