தொழிற்சாலை வயரில் 200 வாற்று: கேம்பர் வேனுக்குச் சோலார் பூட்டிய அனுபவம்

"சோலார் ரெடி சேர், பனலக் கொழுவினாச் சரி" என்று சொல்லித்தான் அந்த வேனை எனக்கு விற்றார்கள். ஜப்பானில் உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பராக மாற்றப்பட்டு, 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்னரே இலங்கைக்கு வந்து சேர்ந்த டொயோட்டா கேடிஎச் வேன் அது. கூரையின் பின்பகுதியில் ஓர் இறப்பர் மூடியும் அதற்குள் முனை சுற்றப்பட்ட இரண்டு வயர்களும் இருந்தன. அவற்றின் மறுமுனை உள்ளே பற்றரி அலுமாரிக்குள் ஒரு சிறிய ஸ்டிக்கருடன் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கூரையில் துளை போடத் தேவையில்லை என்ற அந்த ஒரு காரணத்துக்காகவே விலையில் நான் அதிகம் இழுபறிப்படவில்லை. எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு சொல்வதானால், துளை போடாமல் தப்பியது உண்மை; ஆனால் கொழுவினாற் சரியாகிவிடும் என்பது உண்மையல்ல.

"சோலார் ரெடி" என்ற சொல்லுக்கு எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே பொருளைக் கொள்வதில்லை. சில வாகனங்களில் கூரை முதல் பற்றரி வரை வயர் ஓடியிருக்கும்; சிலவற்றில் நிலத்தில் விரித்து வைக்கும் பனலுக்காகப் பக்கச் சுவரில் ஒரு சொக்கற் மட்டும் இருக்கும்; வேறு சிலவற்றில் வயரே இல்லாமல், பின்னர் இழுத்துக்கொள்வதற்கான வெறும் குழாய்தான் இருக்கும். பனலின் மின்சாரத்தைப் பற்றரிக்கேற்ப அளவுபடுத்தும் சார்ஜ் கொன்ட்றோலரையும் பியூஸையும் சேர்த்துத் தந்திருப்பார்கள் என்று நினைத்து வாங்குபவர் பெரும்பாலும் ஏமாறுவார். எனது வேனில் கூரை வயரும் பக்கச் சொக்கற்றும் இருந்தன, கொன்ட்றோலரும் இல்லை, பியூஸும் இல்லை. யாராவது அவசரப்பட்டு மேலே பனலைக் கொழுவி, பற்றரி அலுமாரிக்குள் கிடந்த அந்த இரு முனைகளையும் நேராகப் பற்றரியில் மாட்டியிருந்தால், கூரையிலிருந்து வரும் கட்டுப்பாடற்ற மின்னழுத்தம் பற்றரியைக் கெடுத்திருக்கக்கூடும்.

எங்கள் தேவை பெரியதன்று. அம்மாவின் இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதால் 12 வோல்ற்று கொம்பிறசர் பிரிட்ஜ் ஒன்று இரவும் பகலும் ஓட வேண்டும். ஓடும் நேரத்தில் அது 45 வாற்று இழுக்கிறது. மட்டக்களப்பு வெயிலில் நாளின் பாதிக்குச் சற்று அதிகமாகவே ஓடுவதால், பிரிட்ஜுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 வாற்று மணி போய்விடுகிறது. அதற்குமேல் இரண்டு விசிறி, எல்ஈடி விளக்கு, தொலைபேசிகள். பற்றரி 100 அம்பியர் மணி லித்தியம் அயன் பொஸ்பேற்; நிறைய ஏற்றினால் 1280 வாற்று மணி. வேனை நிறுத்திவைத்தால் ஒன்றரை நாள் தாங்கும், அதற்குப் பிறகு இஞ்சினை ஓடவிட வேண்டும். டீசல் விற்கும் விலையில் பிரிட்ஜுக்காக இஞ்சின் ஓட்டுவது எங்கள் வீட்டில் எடுபடவில்லை.

முதலில் போன கடை வீட்டுக் கூரைகளுக்குச் சோலார் பூட்டுகிற கடை. அங்கிருந்தவர் தொழிற்சாலை வயரைப் பார்க்கவே விரும்பவில்லை. கூரை நடுவில் ஒரு துளையிட்டுப் புது வயர் இறக்கி, வீட்டுக்குப் பாவிக்கும் ஏசி பிறேக்கர் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது என்றார். நேர்மின்னோட்டத்தில் சுவிட்சை நிறுத்தும்போது எழும் தீப்பொறி தானாக அணைவதில்லை என்பதால் ஏசி பிறேக்கர் அங்கே பாதுகாப்பு ஆகாது. அதை அவரிடம் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு கல்முனைப் பக்கத்தில் வாகன வயரிங் மட்டுமே செய்யும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். இந்த மதிப்புரையில் ஐந்துக்கு ஐந்து கொடுக்க வேண்டிய ஒன்று இருந்தால் அது அவருடைய முதல் ஒரு மணி நேரம்தான். இறப்பர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கொம்பெனி வயர் உள்ளுக்க கிடக்கக்க கூரையில ஓட்ட போட்டா நம்மட தொழிலுக்கு வெக்கம் தம்பி. ஆனா இந்த வயர் எவ்வளவு தாங்குமெண்டு பாக்காம ஒண்டும் வாங்கிராதீங்க" என்றார். பனல் வாங்கிய பிறகு வயரைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை என்பது அவருடைய முறைப்பாடு.

அவர் பார்த்த விதத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அலுமாரிக்குள் ஸ்டிக்கர் ஒட்டிய வயர்தான் கூரைக்குப் போகிறது என்பதை முதலில் நம்பவில்லை. கூரையில் இரு முனைகளையும் ஒன்றாக முறுக்கி, கீழே மல்ரிமீற்றரின் சத்தத்தைக் கேட்டு உறுதிசெய்தார். அதன் பிறகு முறுக்கைப் பிரித்து, கூரை முனையில் ஒரு பழைய ஹெட்லைற் பல்பைக் கட்டினார். கீழ் முனையைப் பியூஸ் வழியாக வேனின் பற்றரியில் கொடுத்தார். பல்பு எரிந்தது. பற்றரியில் 12.8 வோல்ற்று இருந்தபோது கூரையில் பல்பின் இரு முனைகளுக்கிடையே 12.3தான் இருந்தது. பல்பு இழுப்பது ஏறத்தாழ நாலரை அம்பியர். அதற்கே அரை வோல்ற்று வயரிலேயே தொலைந்துவிட்டது. வயரின் குறுக்குவெட்டு 2 சதுர மில்லிமீற்றர், போய்வரும் மொத்த நீளம் ஏறத்தாழ 12 மீற்றர். கூரை உட்தட்டுக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்பதால் அதை மாற்றுவதானால் உட்கூரை முழுவதையும் கழற்ற வேண்டும்.

இந்த அரை வோல்ற்றுத்தான் மிச்ச எல்லாவற்றையும் தீர்மானித்தது. நான் எண்ணியிருந்தபடி இரண்டு 100 வாற்று பனல்களைச் சமாந்தரமாகக் கட்டினால் உச்சி வெயிலில் பத்தரை அம்பியர் வரை வரும். அந்த மெல்லிய வயரில் ஒரு வோல்ற்றுக்கு மேல் விழும், 12 வாற்று அளவுக்கு வெறும் சூடாகப் போகும். அதே இரண்டையும் தொடராகக் கட்டினால் மின்னழுத்தம் 38 வோல்ற்றளவுக்கு உயர்ந்து, மின்னோட்டம் ஐந்து அம்பியரைச் சற்றே தாண்டுவதோடு நின்றுவிடும். மின்னோட்டம் பாதியானால் இழப்பு காற்பங்காகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 12 வாற்று 3 ஆகிறது. புது வயர் இழுக்காமலே, பழைய வயரை அதன் தகுதிக்கேற்ப வேலை வாங்குவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் தொடர் இணைப்புக்கு மலிவான பிடபிள்யூஎம் கொன்ட்றோலர் உதவாது. அது பனலைப் பற்றரியின் மின்னழுத்தத்துக்கே இழுத்து வைப்பதால் 38 வோல்ற்றில் பெரும்பகுதி வீணாகும். பனலின் கூடுதல் மின்னழுத்தத்தைப் பற்றரிக்கேற்ற மின்னோட்டமாக மாற்றித் தரும் எம்பிபிரி வகைதான் வேண்டும். நான் வாங்கியது விக்ரொன் ஸ்மார்ட்சோலார் 75/15. பெயரிலேயே அளவு இருக்கிறது: பனல் பக்கம் உச்சமாக 75 வோல்ற்று, பற்றரிப் பக்கம் உச்சமாக 15 அம்பியர். எனது இரு பனல்களும் சுமையின்றி நிற்கும்போது 46 வோல்ற்றளவில் இருப்பதால் வேண்டிய இடைவெளி உண்டு. இரண்டு பனல்களின் விலையையும் விட இந்தக் கைக்கடக்கமான நீலப் பெட்டியின் விலை கூடுதல் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வாங்கும்போது மனம் நொந்துதான் வாங்கினேன். நொந்தது தேவையற்றது என்பது பின்னர் புரிந்தது. பனலின் மின்னழுத்தம் பற்றரியைவிட 5 வோல்ற்று மேலே போனால்தான் இது சார்ஜ் செய்யத் தொடங்கும். தொடர் இணைப்பில் அந்த நிலை விடிந்த சற்று நேரத்திலேயே வந்துவிடுகிறது. புளூரூத் வழியாகத் தொலைபேசியில் அன்றன்றைய விளைச்சலைப் பார்க்கலாம், லித்தியத்துக்கான அமைப்பையும் அங்கேயே தெரிவுசெய்யலாம். பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். நானா இதை ஒரு துண்டு மாஸ்கிங் ரேப்பில் பேனையால் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டார். கொன்ட்றோலருக்கும் பற்றரிக்கும் இடையே 20 அம்பியர் பியூஸ், பனல் பக்கத்தில் இரு வயரையும் துண்டிக்கும் டிசி பிறேக்கர்.

பூட்டிய வேலையில் ஒரு குறை கண்டேன். கரியர் கம்பிகளில் அலுமினியச் சட்டத்தைப் பிடிக்க முதலில் சாதாரண இரும்பு நட்டுகளைப் போட்டிருந்தார்கள். எங்கள் வீடு கல்லடியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். இரண்டாம் மாதமே துரு வழிந்து வெள்ளைக் கூரையில் கோடு விழுந்தது. திரும்பக் கொண்டுபோனபோது கூலி வாங்காமல் ஸ்டெயின்லஸ் நட்டுகளாக மாற்றி, அலுமினியத்தோடு தொடும் இடங்களில் நைலோன் வளையமும் கிறீஸும் வைத்துக் கொடுத்தார்கள். பழைய இறப்பர் மூடி வெடித்துப் போயிருந்ததால் அதையும் மாற்றி, சிலிக்கனுக்குப் பதிலாகப் பொலியூரித்தேன் பசை பூசினார்கள். மார்கழி மழையில் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கூரைக்கும் பனலுக்கும் இடையே நாலு விரல் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இது அழகுக்காக அல்ல. பனலின் சூடு 25 பாகையைத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் விளைச்சல் 0.4 வீதமளவில் குறையும். சூடான கச்சான் காற்று வீசும் நாட்களில் பனல் 60 பாகையைத் தாண்டுவது சாதாரணம், அடியில் காற்றோட்டமும் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகும்.

எனவே 200 வாற்று என்று எழுதியிருப்பதை இங்கே யாரும் கண்ணால் காணப்போவதில்லை. வைகாசி நண்பகலில் நான் கண்ட உச்சம் 158. ஆயினும் ஒரு நாளின் மொத்தம் கோடையில் 750 முதல் 800 வாற்று மணி வரை வந்தது. பிரிட்ஜுக்குப் போக மிச்சம் உண்டு. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகைக்கும் குறைவாகவே வடக்கே இருப்பதால், குளிர்நாட்டு வேன்களில் செய்வதுபோல் பனலைச் சாய்த்து நிமிர்த்தும் கால்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை; கூரையோடு தட்டையாகக் கிடப்பதே போதும். ஆடித் திருவிழாக் காலத்தில் பெரியம்மா காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடந்து போனபோது, அவரை வழியனுப்பவென்று பொத்துவில், பாணமை கடந்து உகந்தை முருகன் கோயிலடியில் மூன்று நாள் நின்றோம். இஞ்சினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையிலும் பற்றரி அறுபது வீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. பாணமைக்கு அப்பால் வீதி குலுக்கிய குலுக்கலில் பனலில் எதுவும் தளரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாரியில் கதை வேறு. கார்த்திகை, மார்கழியில் அடைமழை பிடித்த நாட்களில் 200 வாற்று மணிகூடத் தேறவில்லை. அந்த மாதங்களில் வீட்டு மின்சாரத்தில் ஏற்றிக்கொண்டு புறப்படுவதே வழி.

தொடர் இணைப்பின் பலவீனம் நிழல். ஒரு பனலின் மூலையில் காகம் எச்சமிட்டு அது காய்ந்திருந்த ஒரு நாள், 140இல் நின்ற விளைச்சல் 90க்கு வந்துவிட்டது. நன்னீரில் கழுவித் துடைத்ததும் சரியாகியது. பாசிக்குடாவில் தென்னைக்கு அடியில் நிறுத்தினால் ஓலை நிழல் ஆடும் ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் எண் ஆடுவதைப் பார்க்கலாம். மனிதருக்கு நிழல் வேண்டும், பனலுக்கு வெயில் வேண்டும். போதாததற்குத் தேங்காய் விழுந்தால் கண்ணாடி மிஞ்சாது. இதற்குத்தான் பக்கச் சொக்கற் உதவும் என்று நினைத்து, வேனை நிழலில் விட்டு, மடிக்கும் பனல் ஒன்றை வெயிலில் விரிக்கலாம் என்று ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். கொன்ட்றோலர் அசையவில்லை. இந்த இருமுனை எஸ்ஏஇ செருகிகளில் எந்த முனை நேர், எது மறை என்பதைத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே விதமாக வைப்பதில்லை. எனது வேனின் சொக்கற்றும் இரவல் பனலின் செருகியும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன. உருவத்தில் அச்சொட்டாகப் பொருந்தும் என்பதுதான் இதில் உள்ள பொறி. இடையில் கொன்ட்றோலர் இருந்திராவிட்டால் பியூஸோடு போயிருக்குமா என்பது சந்தேகம். இப்படிச் சொக்கற் உள்ளவர்கள் எதைச் செருகும் முன்னரும் மல்ரிமீற்றரை ஒரு தடவை வைத்துப் பார்க்கட்டும்.

கூலியாக 14,000 ரூபா வாங்கினார்கள், இரண்டு நாள் வேலைக்கு. பக்கச் சொக்கற்றின் முனைகளை மாற்றி, அதற்குத் தனியாக ஒரு சிறிய கொன்ட்றோலர் வைக்கும் வேலை இன்னும் பாக்கி. மழை விட்டதும் வேனைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் நானா.