அமெரிக்கப் பாடப்பெட்டியும் ஆச்சியின் நாலணாவும்

2023 ஜூன் முதல் வாரத்தில் பார்சல் ஆபீஸிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய மூன்று அட்டைப்பெட்டிகளைப் பற்றியது இந்த மதிப்பீடு. அமெரிக்காவில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்றே தயாராகும் வீட்டுப்பள்ளிப் பாடத்திட்டம், அதாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பதற்கானது. கிண்டர்கார்டன், மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, குறை நிறையவே சொல்ல இருக்கிறேன். தவிர, இந்த ரகப் பெட்டிகளை வேறு இரண்டு வீடுகளிலும் பார்த்துவிட்டேன். அட்டையின் நிறம்தான் மாறுகிறது.

பெங்களூரிலிருந்து கனடா போகும் ஒரு குடும்பத்திடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். மூன்றும் சேர்த்து 18,500 ரூபாய். புதிதாக வரவழைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது புத்தக விலையைவிடக் கப்பல் கூலி பயமுறுத்தியது. வந்த பெட்டிகளில் ஒன்று வழியில் மழையில் நனைந்திருந்தது. போனது எது என்று பார்த்தால், நான்காம் வகுப்புக் கணக்கின் விடைப்புத்தகம், பக்கமெல்லாம் ஒட்டி அப்பளமாகியிருந்தது. நான் ஏழு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் பிழைத்தேன்.

எதற்காக வாங்கினோம் என்று சொன்னால்தான் மீதி புரியும். பெரியவனுக்கு அப்போது எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு வலிக்கும். டாக்டர் இரண்டு தடவை பார்த்து ஒன்றுமில்லை என்றார். திங்கட்கிழமை லீவு என்றால் வலி வராது என்பதை அவனுடைய அப்பாதான் கண்டுபிடித்தார். ஒரு வகுப்பில் ஐம்பத்தாறு பிள்ளைகள். ராத்திரி பத்து மணி வரை வீட்டுப்பாடம், அப்படியும் டைரியில் சிவப்பு மையில் ‘ஸ்லோ’ என்று எழுதி வரும். கொரோனா வருஷத்தில் அவனை வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். மெதுவாகத்தான் படிப்பான், ஆனால் படித்தது போகாது. அது எனக்குத் தெரியும். ஆக, விசுவாசத்தைக் காப்பாற்ற வீட்டுப்பள்ளிக்கு வந்த குடும்பம் இல்லை நாங்கள். வயிற்றுவலிக்காக வந்தோம். கிறிஸ்தவப் பாடத்திட்டமாக இருந்தால் நல்லது என்பது அப்புறம் சேர்ந்த யோசனை.

வீட்டில் பெரிய எதிர்ப்பு என் அத்தையிடமிருந்து வந்தது. மாமியார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வதை மற்றவர்கள் பெருமைக்குச் சொல்வார்கள், அத்தை முகவரி சொல்வதுபோலச் சொல்வார்கள். 1820-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் இங்கே வந்ததில் தொடங்கி, கோயில், அதாவது சர்ச், கட்டின ஊரிலெல்லாம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமும் எழும்பிய கதையை நான் கல்யாணமாகி வந்த வருஷமே கேட்டுவிட்டேன். இந்தியாவுக்கே வராத சாரா டக்கர் என்ற இங்கிலாந்துப் பெண்மணியின் பெயரில் இங்கே பெண்கள் படித்ததையும் கேட்டுவிட்டேன்.

“பள்ளிக்கூடம் கட்டின ஜனம்ல நாம. நம்ம வீட்டுப் பிள்ள பள்ளிக்கூடம் போகாம வீட்ல இருக்கான்னா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் கோயிலுக்குப் போவேன்?”

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்டார்கள். ஒரு அக்கா, ஃபீஸுக்குக் கஷ்டம் என்றால் சபையில் சொல்லிப் பார்க்கலாமே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்கள். நல்ல மனசு. நான் சிரித்துச் சமாளித்தேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது.

ஆங்கில வாசிப்பு. இங்கே பிள்ளைகளுக்கு சி-ஏ-டி, கேட் என்று எழுத்தின் பெயரைச் சொல்லியே மனப்பாடம் ஆகிறது. இந்தப் பெட்டி எழுத்தின் ஒலியிலிருந்து தொடங்குகிறது. ஒரு உயிர் ஒலி, அதோடு ஒரு மெய், இரண்டையும் ஒட்டு, அப்புறம் கடைசியில் இன்னொரு மெய். நம் உயிர்மெய் படித்தவளுக்கு இது புதிதே இல்லை. சின்னவளுக்கு அப்போது நான்கு வயது. நான்கே மாதத்தில் பிஸ்கட் பாக்கெட்டில் உள்ளதைத் தானாகக் கூட்டிப் படித்தாள். ஆசிரியர் கையேட்டில் நாம் எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், பிள்ளை எதைத் திரும்பச் சொல்லும் என்பது வரை அச்சிட்டிருக்கிறார்கள். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. காய்ச்சலோடு பாடம் எடுத்த ஒரு நாளில்தான் அதன் அருமை தெரிந்தது.

கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தாளிலும் இன்றைக்குச் சொன்னது கொஞ்சம், போன வாரத்தது கொஞ்சம், போன மாதத்தது கொஞ்சம் என்று கலந்து வருகிறது. ஒரு பாடத்தை முடித்துவிட்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் தேடி எடுக்கிற வேலை இல்லை. மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு இது வரப்பிரசாதம். நான் வேலை பார்த்த பள்ளியில் இப்படி ஒரு தாள் கையில் கிடைத்திருந்தால் பாதித் தொண்டையை மிச்சப்படுத்தியிருப்பேன்.

இப்போது காசுப் பாடம். மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஒரு வாரம் முழுக்க அமெரிக்க நாணயங்கள். பென்னி ஒரு சென்ட், நிக்கல் ஐந்து, டைம் பத்து, குவாட்டர் இருபத்தைந்து. படங்களெல்லாம் நாணயத்தின் நிஜ அளவில். பெரியவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “பத்து ஏம்மா அஞ்சை விடச் சின்னதா இருக்கு?” என்றான். நியாயமான கேள்வி. டைம் வெள்ளியில் வந்த நாணயம், அதனால் மதிப்பு அதிகம், அளவு சின்னது என்று எனக்கே பிறகு தேடித்தான் தெரிந்தது. அன்றைக்கு முழித்தேன். அவனும் எதை எடுத்தாலும் தப்பாகவே கூட்டினான். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள், அதுவரை எங்கள் பாடமேசைப் பக்கமே வராத அத்தை, பீரோவிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார்கள். நெளிநெளி ஓரம் வைத்த பத்து பைசா, சதுரமாக ஐந்து பைசா, காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா.

“இது என்ன, சொல்லு.”

“ட்வென்டி ஃபைவ் பைசா, ஆச்சி.”

“நாலணா. நாலு நாலணா சேர்ந்தா ஒரு ரூவா. ரூவாயில இது எத்தன பங்கு?”

அவன் நான்கு காசை அடுக்கி, ஒன்றைத் தள்ளி வைத்து, “கால்” என்றான். அவ்வளவுதான், குவாட்டர் பாடம் முடிந்தது. நாலணா 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போன காசு, அவன் பிறந்ததோ 2015. கால், அரை, முக்கால் என்று அத்தை அன்றைக்கு ஆரம்பித்தது பின்னப் பாடம் முழுக்க ஓடியது. என் பி.எட். படிப்பில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. அதன்பின் டப்பா பாடமேசையிலேயே தங்கிவிட்டது. அத்தையும்தான், பதினொரு மணிக்கு மேல்.

பெட்டியின் குறை எல்லாம் இந்த ரகம்தான், வேறு ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறது. அடி, அங்குலம், ஃபாரன்ஹீட்டைச் சமாளித்துவிடலாம். பனிமனிதன் செய்வதைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்வதையும் விட்டுவிடலாம். நவம்பர் மாதப் பாடங்கள் பூராவும் 1620-ல் கப்பலேறிப் போன யாத்திரீகர்கள், நன்றி சொல்லும் நாள், வான்கோழி, பூசணிப் பணியாரம். சின்னவள் வான்கோழிக்கு வண்ணம் தீட்டி முடித்துவிட்டு, நம்ம ஸ்தோத்திரப் பண்டிகையில ஏன் இது கிடையாது என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த நன்றி சொல்லும் பண்டிகை ஜூலையில் பாளையங்கோட்டையில் வருவது. சாப்பாடு என்றால் கோயில் அசனம், அண்டாவில் சோறும் கறிக்குழம்பும். பெட்டிக்குள் அசனம் கிடையாது.

மனசுக்கு இடித்த விஷயம் வேறு. பெற்றோருக்கான முன்னுரையிலும் ஆங்காங்கே கையேட்டிலும் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு கோபம் தெரிகிறது. அரசுப் பள்ளி என்றாலே தேவனை வெளியே தள்ளின இடம் என்ற தொனி. அவர்களுக்கு அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1962-லும் 1963-லும் அங்கே உச்சநீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் பள்ளியே நடத்தும் ஜெபமும் வேத வாசிப்பும் கூடாது என்று தீர்ப்பளித்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் வீட்டுப்பள்ளிக்குப் போனது அதற்குப் பிந்தைய கதை. ஆனால் என் பிள்ளையை நான் கூப்பிட்டு வந்த பள்ளியில் காலையில் ஜெபம் இருந்தது, ஞானப்பாட்டு இருந்தது, அதோடு ஐம்பத்தாறு பிள்ளைகளும் சிவப்பு மையும் இருந்தன. அவர்களுடைய கோபத்தை நான் கடன் வாங்கினால், அத்தை முப்பத்து மூன்று வருஷம் மணியடித்துத் திறந்த கதவின் மேல் கோபப்படுவதாகும். முன்னுரைப் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டேன்.

அறிவியலில் பூமிக்கு வயது சில ஆயிரம் வருஷம் என்றும் புதைபடிவங்கள் எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தில் உண்டானவை என்றும் வருகிறது. எங்கள் சபையில் ஐயர், அதாவது போதகர், யாரும் பிரசங்கத்தில் இதற்காகச் சண்டை பிடித்து நான் கேட்டதில்லை. அந்தப் பாடங்களைத் தாண்டிவிட்டேன். இது வேண்டும் என்கிற குடும்பங்களுக்கு அது பெட்டியின் பலமாகத் தெரியலாம். வரலாற்றுப் புத்தகத்தையும் பாதியில் மூடிவிட்டு ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப் போனோம். தோண்டிய இடத்திலேயே, கண்ணாடிக்குக் கீழே தாழிகள் அப்படியே இருக்கின்றன. பெரியவன் குப்புறப் படுத்துப் பார்த்தான், காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழ்? பெட்டிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வேத வசனமும் 1611-ஆம் வருஷத்துப் பைபிள் மொழிபெயர்ப்பின் பழைய ஆங்கிலத்தில், தௌ, தைன் என்று. 23-ஆம் சங்கீதத்தைத் தமிழில் தூக்கத்திலும் சொல்கிற பிள்ளை அதை ஆங்கிலத்தில் உளறினான். தமிழுக்கு அரசு பாடநூல் கழகப் புத்தகங்களை வைத்துக்கொண்டோம். இணையத்தில் பிடிஎஃப் இலவசம், பாளை மார்க்கெட் பக்கம் அச்சடித்துச் சுருள்கம்பி போட்டு வாங்கினால் ஒரு பருவப் புத்தகம் இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. படங்களும் நன்றாக இருக்கின்றன. 18,500 ரூபாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன், சான்றிதழ் இந்தப் பெட்டியிலிருந்து வராது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, ஆறு முதல் பதினான்கு வயது வரை பேசுகிறது. வீட்டுப்பள்ளி என்று அதில் தனியாக ஒரு ஏற்பாடு இல்லை. ஆனால் பிள்ளை திரும்பப் பள்ளிக்குப் போக நினைத்தால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிற பிரிவு அதில் இருக்கிறது. எங்கள் திட்டம் என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பதினான்கு வயதானால் பத்தாம் வகுப்புக்குப் பதிந்து எழுதலாம். ஐந்து பாடம், ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதில்லை, ஐந்து வருஷ அவகாசம். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். மெதுவாகப் படிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நேரக் கணக்கையும் மறைக்கக் கூடாது. பெட்டியில் வருஷத்துக்கு 170 பாடம். ஒருவருக்கு என்றால் மத்தியானத்துக்குள் முடியும். இரண்டு பேருக்கு என்றால் சோறு வடிக்க மறந்துபோகும். நான் வேலையை விட்டேன், அந்தச் சம்பளமும் இந்தப் பெட்டியின் விலையில் சேர்த்திதான். ஞாயிறு சாயங்கால வயிற்றுவலி மட்டும் ஆகஸ்டுக்குள் நின்றுபோனது.

சின்னவள் கதை வேறு. அவளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். வாசலில் நின்று எதிர்வீட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறுவதைப் பார்ப்பாள், டிபன் பாக்ஸில் முறுக்கை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ‘ஸ்கூலுக்கு’ நடப்பாள். போன மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். அத்தைதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள், இஸ்திரி போட்ட சேலையில். இரண்டாவது நாளே வந்து, நான் போடும் டிக் மார்க் சரியில்லை, மிஸ் வேறு மாதிரி போடுவார்கள் என்று சொன்னாள்.

மதிப்பெண் போடச் சொன்னால்: வாசிப்பு ஐந்துக்கு ஐந்து. கணக்கு நாலரை. அறிவியல் ஒன்றரை. சமூக அறிவியல், பிலடெல்பியாவில் குடியிருந்தால் நாலு, பாளையங்கோட்டையில் அரை. முழுப் பெட்டியாக வாங்காதீர்கள், கிண்டர்கார்டன் வாசிப்பும் கணக்கும் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள்.

மூன்றாம் வகுப்புக் கணக்கு, ஆசிரியர் கையேட்டோடு, 1,200 ரூபாய்க்குத் தருகிறேன். பென்சிலில் எழுதியதையெல்லாம் அழித்தாயிற்று. காசுப் பாடத்துப் பக்கங்களில் மட்டும் டைம் படத்தின் மேல் பத்து பைசாக்கள் ஒட்டியிருக்கும். அத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டினது, பிய்த்தால் தாளோடு வருகிறது.